மூன்று மில்லி கண்ணீர்

ஒன்பது வருடம் அந்தச் சமையல்காரர் வந்தவர்களையெல்லாம் ஏமாற்றினார், ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. பத்தாவது வருடம் உண்மையை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினார், மூன்றாம் நாள் அரசாங்கம் வந்து கதவைத் தட்டியது. கதை இவ்வளவுதான். ஆனால் தட்டிய விதமும், உள்ளே வந்து உட்கார்ந்த விதமும் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

பன்னிரண்டு நாற்காலி போட்ட சின்னச் சுஷிக் கடை அது; சோற்றுருண்டையின் மேல் பச்சை மீன் துண்டை வைத்துத் தருகிற ஜப்பானியச் சாப்பாடு. சமையல்காரர் மீனைச் சீவுவார், அவர் மனைவி சோறு பார்ப்பாள், மனைவியின் தம்பி தட்டுகளைக் கொண்டுபோய் வைப்பான். தட்டின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பச்சை விழுது இருக்கும். அதுதான் வசாபி. வாயில் வைத்தால் மிளகாய்க் காரம் மாதிரி நாக்கில் நிற்காது, நேரே மூக்கில் ஏறி உச்சந்தலைவரை போய்விட்டு வரும். உண்மையான வசாபி ஒரு செடியின் கிழங்கு. குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிற நிழலில், நோஞ்சான் பிள்ளையைப் பார்ப்பதுபோல் இரண்டு வருடம் பார்த்தால் ஒரு விரல் நீளம் வளரும். அதையும் துருவிய கால் மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். தாமதித்தால் காரமும் மணமும் பறந்துபோய் வெறும் பச்சைக் கூழ்தான் மிஞ்சும். இந்தப் பாடெல்லாம் யார் படுவது? அதனால் ஊரிலுள்ள எல்லாக் கடைகளிலும் ஒரு டப்பா இருந்தது. வேறு ஏதோ காரக் கிழங்கின் பொடி, கடுகுப் பொடி, பச்சைச் சாயம் எல்லாம் கலந்த டப்பா. தண்ணீர் விட்டுக் குழைத்தால் வசாபி. நம் சமையல்காரரும் ஒன்பது வருடம் அப்படித்தான் குழைத்தார்.

ஒரு நாள் ஒரு பெண்மணி சாப்பிட்டுக்கொண்டே, "இது அசல் வசாபிதானே?" என்று கேட்டார். சமையல்காரர் கண் இமைக்காமல், "அசலேதாம்மா" என்றார். அந்தம்மா திருப்தியாக எழுந்து போனார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பொய் சொல்றப்போ உங்க முகம் எவ்வளவு சாந்தமா இருக்கு தெரியுமா?" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட என்னென்ன சொன்னீங்கன்னு இப்ப ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாக்குறேன்."

அவள் ஒரு காலத்தில் நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவள். பேச்சோடு விடவில்லை. எங்கெங்கோ எழுதிக் கேட்டுக் கன்றுகளை வரவழைத்தாள். கடையின் பின்பக்கம், மீன் வைக்கும் குளிர் அறையின் சுவரை ஒட்டி மூன்றடுக்குத் தொட்டி அமைத்து, ஒரு சின்ன மோட்டாரால் குளிர்ந்த தண்ணீரை மேலிருந்து கீழே ஓடவிட்டாள். முதல் தடவை வைத்ததெல்லாம் அழுகிப்போயிற்று. இரண்டாம் தடவை நத்தை தின்றது. மூன்றாம் தடவை ஐந்து செடிகள் பிழைத்தன. அதன் பிறகு இரண்டு வருடம் அவள் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குப் போனவள், சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து வந்துவிட்டாள். மோட்டார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. "யாராவது ஒருத்தர் சாப்பிட்டுட்டு, நாம வாயைத் திறக்காமலே, இதுதான் அசல்னு கண்டுபிடிக்கணும். ஒரே ஒருத்தர் போதும்" என்பாள். ஐந்தில் நான்கு செடிகள் ஒண்டிக்கட்டைகள். ஐந்தாவது மட்டும் தன்னைச் சுற்றி ஏழு குட்டிக் கன்றுகள் விட்டிருந்தது. அடுத்த விளைச்சல் வேண்டுமானால் அந்தத் தாய்ச்செடி நிற்க வேண்டும். அதை யாரும் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

நான்கு கிழங்குகளும் முற்றிய அன்று சமையல்காரர் பழைய டப்பாவை மேல்தட்டில் தூக்கிப் போட்டார். ஒரு பலகையில் 'இங்கே அசல் வசாபி' என்று வெள்ளை வண்ணத்தில் எழுதி மாட்டினார். நல்ல நாள் பார்த்து முதல் கிழங்கைத் துருவலாம் என்று காத்திருந்தபோதுதான் உணவு மெய்மை வாரியத்தின் ஆய்வாளர் வந்தார்.

தோல்பெட்டி மாதிரி தெரிகிற, தோல் இல்லாத ஒரு பெட்டியுடன் வந்தார். பலகையை மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தப் பலகையை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"எழுத்து அழகா இருக்கு. ஆனா அசல்ங்கிற வார்த்தை வாரியத்துக்குச் சொந்தம். சான்றிதழ் இல்லாம அதை யாரும் எழுதக் கூடாது."

தட்டு அடுக்கிக்கொண்டிருந்த மச்சான் சும்மா இருக்கக் கூடாதா? "சார், போலின்னு எழுதலாமா?" என்று கேட்டான்.

"தாராளமா எழுதலாம். போலிக்கு அனுமதியே வேண்டாம். யார் வேணும்னாலும் விக்கலாம், எவ்வளவு வேணும்னாலும் விக்கலாம்."

"ஒன்பது வருஷமா போலியைத்தான் சார் அசல்னு சொல்லிட்டிருந்தோம். யாரும் வரலையே."

"சொன்னீங்க, எழுதலையே. எழுதாத எதையும் வாரியம் பாக்காது" என்றார் ஆய்வாளர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சமையல்காரருக்கு ஒரு விதத்தில் சந்தோஷம்தான். நம்மிடம் இருப்பது சுத்தமான சரக்கு, பரிசோதித்தால் நமக்குத்தானே நல்லது என்று நினைத்தார். பாவம், அப்பாவி. ஒரு கிழங்கை எடுத்து நீட்டினார். ஆய்வாளர் கையை இழுத்துக்கொண்டார். வாடிக்கையாளர் கிழங்கையா கடிக்கிறார், விழுதைத்தானே சாப்பிடுகிறார், ஆகையால் விழுதாகத்தான் வாங்க முடியும் என்றார். துருவிக் கொடுத்தார் சமையல்காரர். அதைப் பாட்டிலில் அடைத்து, அரக்கு வைத்து, ஐந்து இடத்தில் கையெழுத்து வாங்கினார். அப்புறம் அந்தச் சோதனை மாதிரி சரியானதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சோதனை மாதிரி வேண்டும் என்றார். இரண்டாவது கிழங்கும் போயிற்று. மனைவி சமையலறை வாசலில் நின்று துருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதைக் கால் மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுப் பாக்கணும்" என்றாள்.

"கவலைப்படாதீங்கம்மா. ரொம்ப அவசரம்னு மேலே எழுதிடறேன். பன்னிரண்டு நாள்ல முடிஞ்சிடும்."

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. உப்புச் சப்பில்லை. கண்ணீர் இல்லை. நிறம் சந்தேகத்துக்குரியது. தீர்ப்பு: போலி. கீழே சின்ன எழுத்தில், 'அசல் வசாபி உட்கொண்டால் குறைந்தது மூன்று மில்லி கண்ணீர் சுரக்க வேண்டும்' என்று விதி எண்ணோடு அச்சடித்திருந்தது.

"பன்னிரண்டு நாள் பாட்டில்ல கிடந்தா நானும்தான் சப்புன்னு போயிடுவேன்" என்றான் மச்சான். "மாமா, நீங்களே கிழங்கை எடுத்துட்டு நேரா போங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா துருவிக் காட்டுங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மூன்றாவது கிழங்கை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு, துருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமையல்காரர் வாரியத்துக்குப் போனார்.

பெரிய கட்டடம். நுழைந்ததும் சுவரில் 'வாய்மை' என்று ஆள் உயரத்துக்குப் பித்தளை எழுத்து. தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக், மேலே பித்தளைப் பூச்சு. பக்கத்தில் பூத்துக் குலுங்குகிற செடி ஒன்று இருந்தது. அதன் இலையைத் துடைக்க ஓர் அம்மா இருந்தார், தண்ணீர் ஊற்ற ஆள் தேவைப்படவில்லை. டோக்கன் வாங்கி உட்கார்ந்தார் சமையல்காரர். பக்கத்தில் பெரிய ஓட்டல் ஒன்றின் மேலாளர் தங்க நிறச் சட்டம் போட்ட சான்றிதழைப் புதுப்பிக்க வந்திருந்தார். அவர் மடியில் இருந்த டப்பாவைச் சமையல்காரர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஒன்பது வருடம் கையால் குழைத்த டப்பாவைத் தெரியாதா?

முதலில் துருவியை உள்ளே விட மாட்டேன் என்றார்கள். துருவிக்குத் தனிச் சான்றிதழ் வேண்டுமாம். தரை தளத்துக்கும் நான்காம் மாடிக்குமாக மூன்று தடவை அலைந்து அதை வாங்கினார். கடைசியில் சோதனை அறைக்குள் விட்டார்கள்.

அங்கே பல் பிடுங்குகிற இடத்தில் இருப்பதுபோல் சாய்கிற நாற்காலி ஒன்று. அதில் மெலிந்த ஒரு மனிதர் சாய்ந்திருந்தார். இரண்டு கண்ணும் கோவைப்பழம். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள். அவர்தான் வாரியத்தின் கண்ணீர் அலுவலர். வசாபியைச் சாப்பிட்டு அழுவது அவர் உத்தியோகம்.

"துருவலாங்க" என்றார் பக்கத்தில் நின்ற எழுத்தர்.

சமையல்காரர் சடசடவென்று துருவினார். அறை முழுக்கப் பச்சை மணம் எழுந்தது. கரண்டியில் எடுத்து நீட்டப் போனார். எழுத்தர் கையைக் காட்டித் தடுத்தார்.

"இருங்க. உறுதிமொழிக் கேள்வி நாப்பத்தொண்ணு இருக்கு. வர்ற கண்ணீர் வசாபிக் கண்ணீர்தான்னு உறுதிப்படுத்தணும்ல?" என்று சொல்லிவிட்டு, கண்ணீர் அலுவலர் பக்கம் திரும்பிப் படிக்க ஆரம்பித்தார். "இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வெங்காயம் உரித்தீர்களா?"

"இல்லை."

"நெருங்கிய உறவினர் யாராவது காலமானாரா?"

"இல்லை."

"இன்று காலை வீட்டில் சண்டை உண்டா?"

கண்ணீர் அலுவலர் கொஞ்சம் யோசித்தார். "வழக்கமான அளவுதான்" என்றார்.

"சார், துருவி ஏழு நிமிஷம் ஆச்சு" என்றார் சமையல்காரர்.

எழுத்தர் தாளைக் கீழே வைத்தார். "நடுவுல பேசினா முதல் கேள்வியிலேருந்து ஆரம்பிக்கணும். அது விதி" என்றார். முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்.

நாற்பத்தோராவது கேள்வி முடிந்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. கண்ணீர் அலுவலர் விழுதை வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். மனிதர் நல்லவர், தன்னால் ஆன மட்டும் முயற்சி பண்ணினார். முகத்தைச் சுளித்தார், மூக்கை உறிஞ்சினார். ஒரு சொட்டு வரவில்லை. எழுத்தர் சுழியம் என்று எழுதிக்கொண்டு வெளியே போனார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் கண்ணீர் அலுவலர் மெதுவாக. "என் மேலயும் தப்பு இருக்கலாம். பதினஞ்சு வருஷமா இங்க அழறேன். எல்லாம் ஆபீஸ்லயே தீந்துடுது. மாமனார் செத்தப்போ வீட்ல எனக்கு ஒரு சொட்டு வரல. மனைவி இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுறா."

வந்த கோபமெல்லாம் அந்த மனிதரைப் பார்த்ததும் சமையல்காரருக்கு இறங்கிப்போயிற்று. "நீங்க அசல் வசாபி சாப்பிட்டிருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

"தினமும் அதைத்தானே சாப்பிடுறேன்" என்றார் அவர்.

மேல்முறையீடு செய்தார் சமையல்காரர். வாரியத் தலைவரே நேரில் விசாரிக்கிறார் என்று கடிதம் வந்தது. தலைவர் முன்னிலையில் துருவி, தலைவர் முன்னிலையிலேயே சாப்பிடுவார்களாம். வீட்டில் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. நான்காவது கிழங்கை மனைவியே கழுவித் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "இதோட சரி. அடுத்தது தாய்ச்செடிதான்" என்றாள்.

விசாரணைக் கூடத்தில் நீள மேசை. மேசை நடுவில் வெல்வெட் மெத்தையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பச்சை வசாபி டியூப். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் மூல அசல். ஊரில் எந்த வசாபியையும் அதனுடன் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். முதல் தலைவர் தம் கையாலேயே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியதாம்.

"துருவுங்க" என்றார் இப்போதைய தலைவர். சமையல்காரர் துருவினார். சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார். கண்ணீர் அலுவலர் குழாயை மாட்டிக்கொண்டு தயாரானார். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு வார்த்தை. புதுமை, புத்துணர்ச்சி, உடனடித்தன்மை, இதுதான் உணவோட உயிர். தாமதம்ங்கிறது உணவுக்குச் செய்யற துரோகம். நான் எங்கே போனாலும் இதை வலியுறுத்திப் பேசுவேன். போன வாரம்கூட ஒரு கூட்டத்தில் இதைப் பத்தி மூணு மணி நேரம் பேசினேன். சாப்பாடு ஆறிப்போச்சுன்னு சொன்னாங்க, ஆனா ஒருத்தரும் எழுந்து போகல. கதவு பூட்டியிருந்ததுங்கிறது வேற விஷயம்."

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த விசாரணைக் குழுவினர் தலையாட்டினார்கள். சமையல்காரர் கிண்ணத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நிமிடம் போயிற்று. பதினைந்து. இருபது. கண்ணீர் அலுவலர் குழாயோடு கொட்டாவி விட்டார்.

பொறுக்க முடியாமல் சமையல்காரர் எழுந்து, "ஐயா, இது கால் மணி நேரம்தான் தாங்கும். இப்பவே போயிருக்கும்" என்றார்.

தலைவர் அவரைப் பரிவோடு பார்த்தார்.

"அங்கதான் தம்பி நீங்க தப்பு பண்றீங்க. அசல்னா என்ன? மாறாதது. இந்த டியூபைப் பாருங்க. பதினெட்டு வருஷமா இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. நிறம் மாறல, காரம் மாறல, ஒரு எறும்புகூட மொய்க்கல. உங்க கிழங்கு பதினெட்டு நிமிஷம் தாங்கல. இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல எது அசல்?"

 தலைவரின் கேள்வி அவ்வளவு ஆணித்தரமாக இருந்ததால், ஒரு நிமிடம் சமையல்காரருக்கே தன் கிழங்கின் மேல் சந்தேகம் வந்தது. கண்ணீர் அலுவலர் சாப்பிட்டார். சுழியம்.

"உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கு" என்றார் தலைவர் எழுந்துகொண்டே. "இறுதி மேல்முறையீடு. முழுச் செடியா, வேரோட, மண்ணோட, கன்னோட கொண்டுவந்து ஒப்படைக்கலாம். இல்லேன்னா பலகையில இருக்கற அசலை அழிச்சுட்டு, போலின்னு தெளிவா எழுதிடுங்க. கடையை நடத்தலாம். ரெண்டுல ஒண்ணு ஒரு வாரத்துக்குள்ள நடக்கணும். நடக்கலேன்னா கடையைப் பூட்டிடுவோம். நாங்க ஒண்ணும் கொடுமைக்காரங்க இல்ல."

கடைக்குத் திரும்பியபோது மனைவி தொட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அஞ்சாவதையும் கேக்குறாங்களா?"

"வேரோட கேக்குறாங்க. குட்டிகளையும் சேத்து."

அவள் தாய்ச்செடியின் அகல இலையை விலக்கி, அடியில் ஏழு கன்றுகளும் இருக்கின்றனவா என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். சமையல்காரர் நேரே வாசலுக்குப் போனார். வண்ண டப்பாவைத் திறந்தார், 'அசல்' என்ற எழுத்தை அழித்தார், அந்த இடத்தில் 'போலி' என்று எழுதினார். 'இங்கே போலி வசாபி'. எழுத்து அப்போதும் அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து மனைவி அன்று அழுத அழுகைக்கு வாரியத்தின் எந்தக் குழாயும் காணாது. அவரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். வசாபி சாப்பிடாமல் வந்ததால் அதற்கெல்லாம் கணக்கு கிடையாது.

மேல்தட்டு டப்பா மறுபடி கீழே இறங்கியது. இரண்டு வருடம் அவர் பலகையில் எழுதியபடியே பொடியைக் குழைத்து வைத்தார். ஊரிலேயே எழுதியதும் விற்றதும் ஒத்துப்போன ஒரே கடை அதுதான். நேர்மையாக இருப்பது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தங்கச் சட்டம் போட்ட பெரிய ஓட்டலுக்குப் போய்விட்டார்கள்.

தாய்ச்செடி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு கன்றுகளையும் பிரித்து நட்டாள் மனைவி. அவையும் பக்கக் கன்று விட்டன. இரண்டு வருடத்தில் மூன்றடுக்கும் பச்சைப் பசேல் என்று நிறைந்தது. முதல் கிழங்கு முற்றிய அன்று சமையல்காரர் டப்பாவை மறுபடி மேலே தூக்கி வைத்தார். பலகையை மட்டும் தொடவில்லை. அதைத் தொட இனி யாருக்குத் தைரியம்?

பலகையில் போலி, தட்டில் அசல். ஒவ்வொருவருக்கும் கண்ணெதிரே துருவி வைத்தார். சாப்பிட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "இது என்ன இது, வேற மாதிரி இருக்கே?" என்று மச்சானைக் கேட்டார்கள். அவன் கைகட்டி நின்று, "போலிங்க" என்பான். அப்படித்தான் சொல்ல வேண்டும், சட்டம்.

"போலியே இவ்வளவு நல்லா இருக்குன்னா அசல் எப்படி இருக்கும்!" என்று வியந்துகொண்டே அவர்கள் பெரிய ஓட்டலுக்குப் போய் அசலைச் சாப்பிட்டார்கள். கண்ணீர் பெருகத் திரும்பி வந்தார்கள். "அது அசல்தான், சந்தேகமே இல்ல. ஆனா எங்களுக்கு உங்க போலிதான் பிடிச்சிருக்கு" என்றார்கள். கடை நிரம்பியது. மனைவிக்குத்தான் மனசு ஆறவில்லை. அவள் கேட்டது ஒரே ஒருத்தர். இவர்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லையே.

கூட்டம் சேர்ந்தால் வாரியத்துக்கு மூக்கில் வியர்க்காதா? அதே ஆய்வாளர், அதே பெட்டியுடன் வந்தார். நோட்டீசைப் படித்தார். "தங்கள் கடையில் விற்கப்படும் போலியில் அசல் கலப்படம் செய்யப்பட்டிருப்பதாகப் புகார் வந்துள்ளது."

"போலியில கலப்படமா?" என்றார் சமையல்காரர்.

"போலிக்கும் ஒரு தரம் இருக்குங்க. கண்ணீர் மூணு மில்லிக்குக் கீழே இருக்கணும். மேல போனா அது போலியே இல்ல. மாதிரி குடுங்க."

சமையல்காரர் பெருமூச்சு விட்டுத் துருவியை எடுத்தார். தொட்டிப் பக்கம் ஓர் அடி வைத்தார். அதற்குள் மனைவி முக்காலி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து பழைய டப்பாவை இறக்கியிருந்தாள். ஒரு கிண்ணத்தில் பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். தாராளமாகவே கொட்டினாள்.

"அக்கா, அது..." என்று இழுத்தான் தம்பி.

"பலகையில என்ன எழுதியிருக்கு? போலின்னு எழுதியிருக்கு. சார் என்ன கேட்டாரு? போலி கேட்டாரு. போலி குடுக்கறேன்" என்று சொல்லி, பாட்டிலில் வழித்துப் போட்டு ஆய்வாளரிடம் நீட்டினாள். "நாங்க விக்கிறது இதேதான் சார்" என்று கண் இமைக்காமல் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

ஆய்வாளர் அரக்கு வைத்துக்கொண்டு போனதும் சமையல்காரர் அவளையே பார்த்தார். "பொய் சொல்றப்போ உன் முகம் எவ்வளவு சாந்தமா இருக்கு தெரியுமா?" என்றார்.

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்" என்றாள் அவள். அன்றைக்குத்தான் இரண்டு வருடம் கழித்து அந்தச் சமையலறையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பன்னிரண்டு நாள் பாட்டிலில் கிடந்தும் பொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பதின்மூன்றாம் நாள் சிவப்பு மையில் ஆணை வந்தது. மச்சான் அதை நடுக்கடையில் நின்று உரக்கப் படித்தான்.

"மேற்படி மாதிரியை உட்கொண்ட அலுவலரின் கண்ணீர் நான்கரை மில்லியைத் தாண்டிக் குழாய் நிரம்பி வழிந்தது. மூல அசலுடன் எல்லா வகையிலும் ஒத்திருந்தது. ஆகவே தாங்கள் இரண்டு வருடமாக அசலைப் போலி என்று எழுதி, பொதுமக்களைத் தெரியாமல் நல்ல பொருளைச் சாப்பிட வைத்த மாபெரும் மோசடி நிரூபணமாகிறது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போலி என்ற சொல்லை நீக்கி, அசல் என்று எழுத வேண்டும். தவறினால் கடை பூட்டப்படும். சான்றிதழை மாட்ட அலுவலர் நேரில் வருவார்."

சமையல்காரர் வண்ண டப்பாவைத் தேடி ஓடினார். பலகையில் இத்தனை வருடத்தில் எத்தனை பூச்சு ஏறியிருந்ததோ, எழுத்து மேடு தட்டி நின்றது. இங்கே அசல் வசாபி. பொய்ச் சாட்சியம் சொல்லி உண்மையை மீட்டாயிற்று.

மறுநாள் மத்தியானம் தங்கச் சட்டத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தவர் வேறு யாரும் இல்லை, கண்ணீர் அலுவலர்தான். ஆணி அடித்தார், சட்டத்தை மாட்டினார், சாய்ந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். கண்கள் இன்னும் சிவந்தே இருந்தன. "உங்க சரக்கு ஆளைக் கொன்னுடுச்சுங்க" என்றார் பாராட்டாக. "மூணு நாள் அழுதேன்."

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்றாள் மனைவி.

அவர் பயந்துவிட்டார். இருந்தாலும் மரியாதைக்கு உட்கார்ந்தார். சமையல்காரர் மீன் சீவி வைத்தார். மனைவி தொட்டிக்குப் போய், தாய்ச்செடியின் முதல் கன்றில் விளைந்த கிழங்கைப் பிடுங்கிக் கழுவிக்கொண்டு வந்தாள். அவர் எதிரிலேயே துருவித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். நாற்பத்தொரு கேள்வி கேட்க ஆள் இல்லை, உரையாற்ற ஆள் இல்லை. துருவிய ஒரு நிமிடத்துக்குள் அது அவர் வாய்க்குள் போயிற்று.

வழக்கப்படி கைக்குட்டையை எடுத்துக் கண்ணுக்குக் கீழே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். காரம் ஏறியது, மூக்கைத் தொட்டது, அப்படியே இறங்கி ஓர் இனிப்பாகக் கரைந்தது. கண்ணில் ஒன்றும் வரவில்லை. அவர் கைக்குட்டையைப் பார்த்தார், துருவியைப் பார்த்தார், பிறகு சுவரில் தாம் மாட்டிய சான்றிதழைப் பார்த்தார்.  மனைவி துருவியைக் கீழே வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுதானா அது?" என்றார் கண்ணீர் அலுவலர். "அப்ப பதினேழு வருஷமா நான் எதைத் தின்னுட்டு அழுதேன்?"

 பதில் கேட்டவருக்கே தெரிந்துவிட்டது. மனைவி இன்னும் கொஞ்சம் துருவி அவர் தட்டில் வைத்தாள். அவளுக்குத்தான் கண் நிறைந்திருந்தது.

அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் அழலேன்னு மட்டும் ஆபீஸ்ல சொல்லிடாதீங்க, அம்மா. வேலை போயிடும்" என்றார். உலர்ந்த கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.